சரக்கின் குறியும் சங்கத்தின் நற்பெயரும்

கலப்பில்லாத நெய்யை விற்கும் கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதன் நற்பெயரே பெரும் மூலதனமாகும். சங்கத்தின் டப்பாவிலுள்ள குறியைப் பிறர் தம் கலப்பு நெய்க்கு ஒட்டுவாராயின், லாபம் அவருக்கும் பழி சங்கத்துக்கும் சேரும். இதைத் தடுக்கவே வியாபாரக் குறிகளை ரிஜிஸ்தர் செய்யும் முறை ஏற்பட்டுள்ளது. இந்தியாவில் இதற்கான முதற் சட்டம் 1940-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. தற்போது வழங்குவது 1999-ஆம் வருஷச் சட்டம்.

“சுத்தமான நெய்” என்பது போலச் சரக்கின் குணத்தை மட்டும் கூறும் சொற்கள் யாவருக்கும் பொதுவாதலின், அவை சாதாரணமாகப் பதிவாகா. முன்னரே பதிவான குறியை ஒத்திருத்தலும் ஆகாது.

விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள வியாபாரக் குறிப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம். அது ஏற்கப்பட்டு இலாகாவின் சஞ்சிகையில் பிரசுரமானபின், நான்கு மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 வருஷம் செல்லும். பிறகு கட்டணம் செலுத்திப் புதுப்பித்தல் வேண்டும்.

பதிவாகாத குறிக்கும் நியாயஸ்தலத்தில் பரிகாரமுண்டு. ஆயினும் ஜனங்கள் அக்குறியைக் கண்டே சரக்கை வாங்குகின்றனர் என்பதை வாதியே ருசுப்படுத்த வேண்டும். ஆதலின் பழைய பில்களையும் லேபிள்களையும் பத்திரப்படுத்துதல் நன்று.

முக்கியமாக, விண்ணப்பம் காரியதரிசியின் பெயரால் அன்றிச் சங்கத்தின் பெயராலேயே இருத்தல் வேண்டும். இன்றேல் அவர் விலகுங்காலத்தில், அங்கத்தினர் அனைவரும் உழைத்துத் தேடிய குறி எவருடையது என்னும் வழக்கு நேரும்.