கோழிக்கு முட்டை சிக்கினால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நவி மும்பையின் கோபர்கைரனேயில் சிட்கோ நிறுவனம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி கிடைத்தால் போதும், நம் ஆட்கள் ஒரு கோழிக்கூண்டு வைத்துவிடுவார்கள். தாராவியிலிருந்து இங்கே வந்து குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு அது ஊர்ப் பழக்கம். பழைய கிராமப் பகுதியின் ஆக்ரி, கோலி சமூகத்தார் வீடுகளிலும் ‘காவ்ரான்’ என்கிற நாட்டுக்கோழி உண்டு. இன்னொரு வகை, ரயில் நிலைய வாசலில் ரோஸும் பச்சையுமாகச் சாயம் பூசி விற்கிற குஞ்சு. பிள்ளை அழுதான் என்று வாங்கியதில் பெரும்பாலானவை சில நாளில் போய்விடும். தப்பிப் பிழைத்தது பெட்டையாகவும் இருந்துவிட்டால், அதற்கு ஒரு பெயரும் சோபாவுக்கு அடியில் ஓர் இடமும் கிடைத்துவிடும்.

முதல் முட்டை வரை எல்லாம் சுகம்தான். அதன்பிறகு ஒருநாள் ஓடில்லாத தோல்முட்டை போடும், அல்லது முட்டை வராமல் முக்கிக்கொண்டு நிற்கும். உடனே ஊருக்கு போன் போகும், கறிக்கடைக்காரரும் வைத்தியம் சொல்வார். சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கைவைத்தியங்களில் சில, நோய் கொல்வதற்கு முன்னால் கோழியைக் கொன்றுவிடும்.

“சேவல் இல்லாம வளத்தா முட்டை உள்ளயே நின்னுரும்”

நிற்காது. முட்டை உருவாகச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளைக் கோழிகள் சேவலோடு சேராமலேதான் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டையிடுகின்றன. ஆகவே சேவல் வாங்கி வந்து, விடியற்காலை நாலு மணிக்கு சொசைட்டி செயலாளரை எழுப்ப வேண்டாம்.

“தோல்முட்டை போடுதா? வெத்தலைச் சுண்ணாம்பு குடு”

இதில் பாதி சரி, பாதி ஆபத்து. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கண்டுகொண்டதில் நம் பாட்டிகளின் கணக்கு தப்பவில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் தப்பு.

மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்டது முதல் முட்டை வெளியே வரும் வரை ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ள மூன்று மணி நேரம், அதன்மேல் தோல் போர்த்த ஒரு மணிக்குச் சற்று மேல். பிறகு ஓடு கட்டுவதற்கு மட்டும் 20 மணி நேரம் போகிறது, அதில் பெரும்பகுதி நாம் தூங்கும்போது நடக்கிறது. ஓர் ஓட்டில் இருப்பது சுமார் 2 கிராம் கால்சியம். கோழியின் உடம்பு முழுவதும் சேர்த்தாலே இருப்பது 20 கிராம்தான். முட்டையிடும் ஒவ்வொரு நாளும் அது தன் இருப்பில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிறது. தீனியில் அது திரும்பக் கிடைக்காவிட்டால் முதலில் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை வரும், பிறகு கால் தள்ளாடும். தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும் என்பதால், கடைசியில் முட்டையை வெளியே தள்ளவே தெம்பிருக்காது. தோல்முட்டையும் முட்டை அடைப்பும் பல சமயம் ஒரே நோயின் முன்பாதியும் பின்பாதியும்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது. அதை அப்படியே வாயில் தடவினால் வாயும் இரைப்பையும் புண்ணாகும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் அவ்வளவு கெடுதல் இல்லை, பலனும் இல்லை. அதில் கரைந்திருப்பது லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம்கூட இல்லை. கோழி ஒரு நாளில் கால் லிட்டர் குடித்தாலும் கால் கிராம் தேறாது. ஓட்டுக்கு வேண்டியதோ இரண்டு கிராம்.

மும்பைக்காரர்களுக்கு இதற்கு நல்ல வழி மீன் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. திசர்யா என்கிற சிப்பியை வாங்கிச் சமைத்த பிறகு ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நன்றாகக் கழுவி உப்புப் போக்கி, வெயிலில் காயவைத்து, அம்மியிலோ உரலிலோ ரவையைவிடச் சற்றுப் பெரிதாக உடைத்து, தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியில் கலக்க வேண்டாம், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும். சாயங்காலம் கட்டாயம் கிண்ணத்தில் இருக்கட்டும், ஓடு கட்டும் வேலை ராத்திரியில்தானே. முட்டை ஓட்டையும் இப்படிக் கொடுக்கலாம். “ஓட்டைக் கொடுத்தால் தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகும்” என்பார்கள். வாணலியில் வறுத்துப் பொடித்துக் கொடுத்தால் முட்டை என்று அதற்கு அடையாளமே தெரியாது.

சோறு, உடைத்த கோதுமை, கம்பு ஆகியவற்றில் கால்சியம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கறிக்கோழித் தீவனத்தில் சுமார் 1 சதவீதம். ‘லேயர்’ தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை உண்டு. முட்டையிடும் கோழிக்கு அதுதான் சரி. இன்னும் முட்டைக்கு வராத குஞ்சுக்கு அதையே போட்டால் சிறுநீரகம் கெடும்.

எல்லாத் தோல்முட்டைக்கும் தீனி காரணமில்லை. முட்டைக்கு வந்த புதிதில் ஒன்றிரண்டு அப்படி விழுவது சகஜம். மே மாதத்திலும் அக்டோபர் வெக்கையிலும் தகரக் கூரைக்கு அடியில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ஓடு கட்ட அதுவும் மூலப்பொருள் என்பதால் ஓடு மெலியும். அப்போது நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. மழைக்காலத்தில் கூண்டு வெயில் காணாமல் கிடந்தால் வைட்டமின் டி குறைந்து, தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. அதே மழையில் தீவன மூட்டையில் பூஞ்சை பிடிக்கும், வாசனை மாறியிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று கோழிகள் சேர்ந்தாற்போல் கோணல் முட்டையும் தோல்முட்டையும் போட்டு, பச்சையாகக் கழிந்து, சோர்ந்து நின்றால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கேட் என்று ஆஸ்பத்திரியில் சொல்வது அதைத்தான். வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான்.

“விளக்கெண்ணெயை ஊத்து, வழுக்கிட்டு வந்துரும்”

அதிகம் உயிர் போவது இங்கேதான். முட்டை சிக்கிய கோழி எப்படி இருக்கும் என்று முதலில் பாருங்கள். வாலைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நேர்குத்தாக நிற்கும். பின்பக்கம் துடித்துத் துடித்து அடங்கும். கூட்டுக்குப் போகும், வரும், மறுபடி போகும். எச்சம் வராது, அல்லது தண்ணீராகக் கொஞ்சம் வரும். கண்ணை மூடி மூடித் திறக்கும்.

ஊரில் பெண்கள் காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார்கள். முட்டை தட்டுப்பட்டால் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைப்பார்கள், இட்ட பிறகுதான் விடுதலை. கேலி செய்ய வேண்டிய பழக்கமில்லை இது, டாக்டரும் கையுறை போட்டுக்கொண்டு இதைத்தான் செய்கிறார். நகம் வெட்டிய, சோப்புப் போட்டுக் கழுவிய விரலாக இருந்தால் போதும். முட்டை அருகில் இருந்தால் தெரியும். தெரியாவிட்டால் அதற்குமேல் குடைய வேண்டாம்.

பாட்டில் எண்ணெயை உள்ளே ஊற்றுவதால் முட்டை நகராது. மலம், முட்டை இரண்டும் வந்து சேரும் ஒரே வாசல் அது, ஊற்றிய எண்ணெய் அழுக்கையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். வாய்வழியாக ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம். வயிற்றை அழுத்திப் பிதுக்குவதும், கம்பியால் முட்டையை உள்ளேயே உடைப்பதும் இதைவிட மோசம். உடைந்த ஓடு முட்டைக்குழாயைக் கிழித்தால் பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் காப்பாற்றுவது கஷ்டம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, கோழியின் வயிறு மூழ்கும் அளவுக்கு 15, 20 நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் படபடக்கும், பிறகு சூட்டின் சுகத்தில் அப்படியே அமர்ந்துவிடும். ஈரத்தைத் துடைத்து, துவாரத்தின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுவிட்டு, பழைய துணி விரித்த அட்டைப் பெட்டியில் இருட்டும் கதகதப்புமாக விடுங்கள். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது. சில மணி நேரத்தில் வராவிட்டாலோ, கோழி தலையைத் தொங்கப் போட்டாலோ டாக்டர்தான். அவர் எக்ஸ்ரே எடுப்பார், கால்சியம் ஊசி போடுவார், தேவைப்பட்டால் முட்டைக்குள்ளிருப்பதை ஊசியால் உறிஞ்சி எடுப்பார். யூடியூபில் பார்த்து நாம் செய்கிற வேலையல்ல அது.

முக்கி முக்கிச் சிவப்பாகச் சதை வெளியே தள்ளிவிட்டால் “குடல் தள்ளிருச்சு” என்பார்கள். பெரும்பாலும் அது முட்டைக்குழாயின் நுனி. முதல் வேலை, மற்றக் கோழிகளிடமிருந்து பிரிப்பது. சிவப்பைக் கண்டால் அவை கொத்தியே கொன்றுவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்துணி சுற்றி, உடனே கொண்டுபோங்கள். மஞ்சள்பொடி அப்பினால் சதை உள்ளே போகாது.

“கூட்டிலயே உக்காந்திருக்கு, மூக்குல இறகைக் குத்து”

அடைக்கு உட்கார்ந்த கோழி நோயாளி இல்லை. அடைக்கோழி தொட்டால் சிலிர்த்துச் சீறும், நாளுக்கு ஒரு முறை எழுந்து தின்றுவிட்டு, மூக்கைப் பிடிக்க வைக்கிற பெரிய எச்சமாகப் போடும். முட்டை சிக்கியதோ சீறத் தெம்பில்லாமல் கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்பவர்கள் நிறைய. மூக்கில் இறகு செருகுவது வெறும் சித்திரவதை. அடை கலைய வேண்டுமானால் கூட்டை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் வெளிச்சத்தில் சில நாள் தீனி, தண்ணீரோடு வைத்தால் போதும்.

“பெட்டை கூவுது, அறுத்துரு”

பெட்டைக்கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று இன்றைக்கும் கத்தியைத் தேடுபவர்கள் உண்டு. 1474-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு சேவல்மேல் வழக்கு நடத்தி எரித்தே விட்டார்கள், ஆகவே இந்தப் பயம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான். கட்டியோ நோயோ அதைக் கெடுத்துவிட்டால், வலப்பக்கம் தூங்கிக் கிடந்த உறுப்பு வளர்ந்து ஆண் ஹார்மோன் சுரக்கும். கொண்டை பெருக்கும், கூவும், முட்டை நிற்கும். சேவலில்லாத கூட்டத்தில் அதிகாரம் செய்கிற பெட்டையும் சில சமயம் கூவிப் பார்ப்பதுண்டு. இது டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி, ஜோசியரிடம் அல்ல.

மனிதருக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். அளவு தெரியாது, அந்த மருந்து முட்டைக்குள் போய் உங்கள் பிள்ளையின் ஆம்லெட்டில் வரும். டாக்டர் மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிறு தொங்கினால் “கொழுத்துப்போச்சு” என்று சந்தோஷப்படுவது கடைசித் தப்பு. மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். பெண்களின் சூலகப் புற்றைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் கோழியைத் தேர்ந்தெடுப்பதே, அதற்கு அந்த நோய் தானாக அவ்வளவு சகஜமாக வருவதால்தான். காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டை இட்டு நிறுத்திக்கொள்ளும். அதன் வம்சத்தை 300 முட்டைக்கு மேல் இட வைத்தது நாம். எனவே இறகு உதிர்க்கும் இரண்டு மூன்று மாதம் முட்டை நின்றால் கவலைப்படாமல், அந்த உடம்புக்குக் கிடைத்த லீவு என்று விட்டுவிடுங்கள். விளக்குப் போட்டு முட்டைக்கு விரட்ட வேண்டாம்.

நம் பக்கத்துக் கிளினிக்குகளில் நாய், பூனை பார்ப்பவர்களே அதிகம். “கோழி பார்ப்பீங்களா” என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பரேலில் மும்பைக்காரர்கள் ‘பைல் கோடா’ என்று சொல்லும் பழைய பெட்டிட் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது முட்டையிட்டது, ஓடு எப்படி இருந்தது, என்ன தீனி போடுகிறீர்கள், இந்த மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.