அட்வான்ஸ் பணம்: கொடுக்கும் நாளிலேயே திரும்ப வாங்க வழி செய்வோம்



நம் பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று வேலைக்குப் போகிறார்கள். அங்கே வீடு எடுக்க முதலில் கேட்பது அட்வான்ஸ். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அது அம்மா குழுவில் வாங்கிய கடன்தான். வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸ் வரவில்லை என்றால், தவணை கட்டுவது யார்? ஊரில் இருக்கும் நாம்தான். ரூ.15,000 கடனுக்கு நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.150. நாலு மாதம் இழுத்தடித்தால் ரூ.600 வட்டி மட்டும் போய்விடும். அதனால் இந்த மாதப் பாடம் அட்வான்ஸ் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்குத் தேவையான விஷயங்கள் இவை:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத ஒப்பந்தம் தகராறு வரும்போது பலவீனமாகிவிடும்.

2. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. "எல்லாரும் பத்து மாசம்தான் வாங்கறாங்க" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பேசிப் பாருங்கள்.

3. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். "அடுத்த ஆள் குடி வந்ததும் தர்றேன்" என்பது சட்டம் ஏற்கும் காரணம் இல்லை.

4. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

புரோக்கரா, ஓனரா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓனரைக் கேட்டால் "புரோக்கர்கிட்ட பேசிக்கோம்மா" என்பார். புரோக்கரைக் கேட்டால் "எனக்கு என்ன தெரியும், ஓனரைக் கேளுங்க" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நம் பணம் நிற்கும்.

புரோக்கர் கமிஷன் வேறு, அட்வான்ஸ் வேறு. கமிஷன் வீடு பார்த்துக் கொடுத்ததற்குக் கூலி, அது திரும்பாது. அட்வான்ஸ் நம் பணம். உரிமையாளரிடம் இருப்பாக இருக்கிறது. ஆகவே அட்வான்ஸைப் புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அல்லது அவருடைய போன் எண்ணுக்கே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பிறகு எது கமிஷன், எது அட்வான்ஸ் என்று நிரூபிப்பது கஷ்டம்.

குடிபோகும் நாளில்

* ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.
* "காலி செய்யும்போது பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எவ்வளவு என்று தொகை எழுதச் சொல்லுங்கள், அல்லது எடுத்துவிடச் சொல்லுங்கள்.
* சுவர், தரை, கதவு, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏற்கெனவே உடைந்திருப்பதை எழுதி அனுப்புங்கள்.
* மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* வாடகைக்கு மாதாமாதம் ரசீது கேளுங்கள். அது நம் உரிமை.
* மகளோ மருமகளோ அந்த வீட்டில் இருந்தால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இதன் பயன் கடைசியில் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாடகை ரூ.5,000, அட்வான்ஸ் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். காலி செய்ததும் உரிமையாளர் சொல்கிறார்: "பெயிண்ட் ரூ.6,000, குழாய் மாற்ற ரூ.300, கரண்ட் பில் ரூ.700. போக ரூ.8,000 தர்றேன்."

இது சரியா? கரண்ட் பில் நாம் கட்ட வேண்டியதுதான். குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சின்னப் பழுதுகள் சட்டத்தின் பட்டியலில் வாடகைதாரர் பொறுப்பு. ஆனால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, வயரிங், தண்ணீர்ப் பைப்லைன் ஆகியவை உரிமையாளர் பட்டியலில் உள்ளன. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாமல் இருந்தால், குடியிருந்ததால் மங்கிப்போன சுவருக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. நாம் உடைத்தது, கெடுத்தது என்றால் அது வேறு.

அப்படியானால் கழிக்க வேண்டியது ரூ.1,000. வர வேண்டியது ரூ.14,000. கேட்காமல் வந்துவிட்டால் ரூ.6,000 நஷ்டம்.

காலி செய்யும் நாளில்

ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். "கடைசி மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று நாமாக நிறுத்திவிட வேண்டாம். உரிமையாளர் ஒப்புக்கொண்டதாக எழுத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது வாடகை பாக்கி ஆகிவிடும். வீட்டைச் சுத்தம் செய்து மறுபடியும் போட்டோ எடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது, "இன்று சாவி பெற்றுக்கொண்டேன், திருப்ப வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள்.

ஒரு மாதம் ஆகியும் வரவில்லையா?

முதல் படி, கடிதம். சண்டை போட வேண்டாம், எழுதுங்கள்:

"ஐயா, தங்கள் வீட்டில் ... முதல் ... வரை குடியிருந்தேன். ... தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். நான் கொடுத்த அட்வான்ஸ் ரூ.15,000-ல் மின் கட்டணம், குழாய்ப் பழுது ரூ.1,000 போக ரூ.14,000 வர வேண்டும். பெயிண்ட் செலவு நம் ஒப்பந்தப்படி என் பொறுப்பு அல்ல. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன்."

2025 செப்டம்பரில் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். கடித நகலைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது படி, இலவச சட்ட உதவி. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. பெண் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வாடகை ஆணையமா, நீதிமன்றமா, எங்கே போவது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

இருவரையும் அழைத்துப் பேசி, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யவும் வழி உண்டு. அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே முடிவானது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பண வசூல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் காலக்கெடு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

வீட்டு அட்வான்ஸுக்குக் கடன் கொடுக்கும்போது, ஒப்பந்த நகலையும் அட்வான்ஸ் ரசீது நகலையும் கடன் விண்ணப்பத்தோடு வாங்கி வையுங்கள். தீர்மான நோட்டிலும் எழுதுங்கள். ஊருக்கு வெளியே காகிதம் தொலைந்தாலும் குழுவில் ஒரு நகல் இருக்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை பேர் அட்வான்ஸுக்குக் கடன் வாங்கியிருக்கிறோம்?
2. அதில் எத்தனை பேரிடம் ரசீது இருக்கிறது?
3. ரசீது இல்லாதவர்கள், பாக்கித் தொகையை உறுதி செய்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது உரிமையாளரிடமிருந்து வாங்க இந்த வாரமே என்ன செய்யலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.