கூட்டு வேலையை அளக்க ஒரு கருவி உண்டா?

முதலாம் ஆண்டு லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் நாம் என்ன செய்தோம்? நேராக ரீடிங் எடுக்க ஓடினோம். "முதல்ல சுழிப் பிழை இருக்கான்னு பாருப்பா" என்று சார் தடுத்து நிறுத்தினார். நீளம், வெப்பம், அழுத்தம், மின்னோட்டம் எல்லாவற்றையும் அளக்க மூன்று வருடமாகப் படிக்கிறோம். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்களே, அவர்கள் எந்த அளவுக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை அளக்க முடியுமா? இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு மருத்துவமனையில்.

பயோமெடிக்கல் மாணவனாகிய நான் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக அங்கே போயிருந்தேன். ஒருநாள் காலை சீனியர் டெக்னீஷியன் அண்ணனுடன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்காமல் சக்ஷன் மெஷினை ஓட்டி, குழாயின் வாயை விரலால் அடைத்துப் பார்த்தேன். கேஜின் முள் சரசரவென்று மேலே ஏற வேண்டும். பாதியிலேயே நின்றுவிட்டது. எங்கோ காற்று கசிகிறது. அண்ணன் இதைப் பார்க்காமலா இருப்பார், டிரெய்னிங் வந்த பையன் வாயைத் திறந்தால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நோயாளியை உள்ளே கொண்டுவருவதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் அம்மா தம் வழக்கப்படி எல்லாவற்றையும் சோதித்தார். அவர்தான் கண்டுபிடித்தார். ஜாடி மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "காலையிலயே பார்த்தேன், மெயின்டெனன்ஸ்ல வர்றாங்களே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் சிஸ்டர். "நேத்தே சத்தம் மாறிப்போச்சு தம்பி, நான் சொன்னா யாரு கேப்பா?" என்றார் தியேட்டர் ஆயாம்மா. என்னையும் சேர்த்து மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மயக்கத்துக்குப் போகும் நேரத்தில் நோயாளி வாந்தி எடுத்தால் அதை அந்த நொடியே உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மெஷினில் கசிவு இருந்தால் கேஜ் காட்டிவிடும். ஆட்களுக்கு நடுவே உள்ள கசிவை எந்த கேஜ் காட்டும்? தேடிப் படித்தபோது, இதற்கென்றே ஒரு தனிப் படிப்பு வளர்ந்திருப்பது தெரியவந்தது.

இது வெறும் நல்ல குணம் பற்றிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1986-ல் அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 5,030 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். நோயின் கடுமையை வைத்து எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணக்குப் போட்டு, உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் இருந்தது. பெரிய கல்லூரி மருத்துவமனையா, விசேஷ சிகிச்சைகள் எவ்வளவு என்பதைவிட, டாக்டர்களும் நர்ஸ்களும் எப்படி ஒருவரோடொருவர் இணைந்து வேலை செய்தார்கள் என்பதோடுதான் அந்த வித்தியாசம் அதிகம் ஒத்துப்போனது.

சரி, அளப்பது எப்படி? எளிய வழி, அவர்களையே கேட்பது. பிலடெல்பியாவின் ஜெபர்சன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து மறுக்கிறேன் என்பது வரை 4 படிகள். டாக்டர் நர்ஸ் உறவைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை இது அளக்கும். ஆனால் நினைப்பது வேறு, செய்வது வேறு.

எனக்கு மிகவும் பிடித்த ரீடிங் 2003-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எதிர்த் தரப்போடு உங்கள் ஒத்துழைப்பு எப்படி? நர்ஸ்களுடன் ஒத்துழைப்பு உயர்வாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர்கள் 73 சதவீதம். டாக்டர்களுடன் அப்படி இருக்கிறது என்று சொன்ன நர்ஸ்கள் 33 சதவீதம்தான்! அதே வார்டு, அதே நோயாளிகள். ஒரே கம்பியை இரண்டு பேர் அளந்து இப்படி ரீடிங் கொடுத்தால் நம் சார் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

யார் பொய் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆபரேஷன் தியேட்டர்களில் இதேபோல ஆராய்ந்தவர்கள் 2006-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். நல்ல ஒத்துழைப்பு என்றால் டாக்டருக்கு என்ன அர்த்தம்? தனக்கு வேண்டியதை நர்ஸ் முன்கூட்டியே அறிந்து, சொன்னதைச் செய்வது. நர்ஸுக்கு? தான் சொல்வதை டாக்டர் மதித்துக் கேட்பது. ஒருவர் மில்லிமீட்டரில் அளக்கிறார், இன்னொருவர் அங்குலத்தில். இங்கே சராசரி எடுத்தால் இரண்டு பேருமே சொல்லாத ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான் லாபம். 73-க்கும் 33-க்கும் நடுவே உள்ள அந்த 40-தான் உண்மையான ரீடிங். கசிவு அங்கேதான் இருக்கிறது.

இப்படிக் கேட்கும் வழக்கம் விமானிகளிடமிருந்து வந்தது. 1977-ல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். முன்னே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். கேப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகுதான் விமான அறைக்குள் யார் யாரிடம் பேசத் தயங்குகிறார்கள் என்பதை அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார்கள். அதே மாதிரிக் கேள்விகள் பிறகு தியேட்டருக்கு வந்தன. 2000-ல் வந்த ஓர் ஆய்வில், இளையவர் மூத்தவரின் முடிவைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற ஏற்பாட்டை மறுத்த மூத்த சர்ஜன்கள் 55 சதவீதம் பேர்தான்.

2005-ல் இங்கிலாந்தில் நடந்ததைப் படித்தபோது என் சக்ஷன் மெஷின்தான் ஞாபகம் வந்தது. சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த ஒரு பெண்ணுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போகவில்லை. அனுபவசாலியான டாக்டர்கள் மறுபடி மறுபடி டியூப் போடவே முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்க வேண்டிய கட்டம் அது. ஒரு நர்ஸ் அதற்கான செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு, நாம்தான் பதறுகிறோமோ என்று அதைத் திரும்ப ரத்து செய்தார். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். அவர் கணவர் ஒரு விமானி. அந்தத் துயரத்துக்குப் பிறகு டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழுவை 2007-ல் அவரே தொடங்கினார்.

இன்னொரு வழி, கூடவே நின்று பார்ப்பது. பயிற்சி பெற்ற இருவர் தியேட்டர் மூலையில் நின்று, தலைமை, ஒத்துழைப்பு, முடிவெடுப்பது, சுற்றி நடப்பதைக் கவனிப்பது என்று மார்க் போடுவார்கள். இருவர் மார்க்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்டர்னல் வந்த அன்று நம் லேப் எப்படி இருக்கும்? அந்தப் பிழை இதிலும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆபரேஷன் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 19 விஷயங்கள். கத்தி வைக்கும் முன் எல்லோரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. புது டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. இது 2009-ல் வெளியானது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். செக்லிஸ்ட்டைப் பயன்படுத்துகிறோம் என்று ஏறக்குறைய எல்லோருமே சொல்லியிருந்தார்கள். ஆனால் இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. ஏன் என்று இன்னும் வாதம் நடக்கிறது. என் எண்ணத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ரெக்கார்டு நோட்டில் சீனியரைப் பார்த்து எழுதிய ரீடிங் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். டிக் அடிப்பதும் அப்படித்தான்.

இவ்வளவும் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எங்கள் புராஜெக்ட் பேட்ச் ஐந்து பேர். நான்தான் லீடர். பேர் போட வேண்டாம், நம் பேட்சின் ஒத்துழைப்புக்கு 5-க்கு எத்தனை மார்க் என்று மட்டும் எழுதுங்கடா என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். நான் யோசிக்காமல் 5 போட்டேன். வந்த சீட்டுகளில் ஒன்றில் 2 இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. (ஐந்து பேரில் ஒளிந்துகொள்ள இடமேது? என் அளவீட்டின் முதல் பிழை இது. செய்து பார்க்கிறவர்கள் அச்சிட்ட சீட்டில் டிக் அடிக்கச் சொல்லுங்கள்.)

வயரிங் முழுவதும் செய்தவன் அவன். போய்க் கேட்டேன். "ரிவ்யூவுக்கு முந்தின நாள் கெப்பாசிட்டர் வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? பிளஸ் மைனஸ் மாறியிருக்குன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீ போன்ல பேசிக்கிட்டே தலையாட்டின" என்றான். கெப்பாசிட்டர் வெடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் சொன்னது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.