சுவரில் பூத்த கறுப்பு வெள்ளையடித்தால் போகுமா?



கார்த்திகை மழை ஓய்ந்ததும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் குழுவில் கடன் கேட்கிறோம். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் கறுப்பு மறுபடி பூத்து நிற்கும். பணமும் போச்சு, வேலையும் போச்சு. ஏன் இப்படி?

அது அழுக்கு இல்லை, பூசணம். உயிருள்ளது. ஈரம் இருக்கும்வரை பெயிண்டையும் மீறி வளரும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் அதிகம். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்து வைக்கிறோம். உள்ளே சேரும் ஈரம் எங்கே போகும்?

எப்படி அடையாளம் காண்பது?

கறுப்பு, பச்சை, சாம்பல் நிறப் புள்ளிகள் வட்டம் வட்டமாகப் பரவும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மக்கின வாடை காட்டிக்கொடுக்கும். பீரோவுக்குப் பின்பக்கம், மூலை, கம்பளி மடிப்பு எல்லாம் பாருங்க. சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் தண்ணி தெளிங்க. கரைந்தால் அது உப்பு. உப்பு பூப்பதும் சுவரில் ஈரம் ஏறுவதற்கு அடையாளம்தான்.

ஈரம் எங்கிருந்து வருது?

1. மேலிருந்து: மழை பெய்தால் கறை பெரிதாகும். ஓடு, தகரம், தளத்தின் விரிசலைப் பாருங்க.

2. மண்ணிலிருந்து: ஈரம் தரையிலிருந்து மேலே ஏறும். சரிவில் கட்டிய வீட்டில், மேட்டுப் பக்கச் சுவரில் மண் ஒட்டியிருந்தால் இது வரும்.

3. வீட்டுக்குள்ளிருந்து: சோறு, வெந்நீர், உள்ளே காயும் துணி எல்லாவற்றின் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். மழை இல்லாத நாளிலும் மூலை கறுக்கும்.

சந்தேகமா? சுவரில் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்க. தாளின் உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருது. வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்குள் இருக்கும் ஆவி.

உடம்புக்கு என்ன கெடுதல்?

ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அதிகம் வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டில் இருமும் பிள்ளைக்கு வெளியூர் போனால் குறைகிறதா? டாக்டரிடம் சுவரைப் பற்றியும் சொல்லுங்க.

என்ன செய்யணும்?

- முதலில் ஒழுகலை அடைங்க. சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி, வாய்க்கால் எடுங்க.
- வெயில் வரும் நேரம் ஜன்னலைத் திறந்து வைங்க. பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வைங்க.
- மூக்கில் துணி கட்டி, சோப்புத் தண்ணியில் நனைத்த துணியால் துடைங்க. காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் ஏறும்.
- பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்.
- அறை காயட்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீங்க. உயிருக்கே ஆபத்து.
- சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளையடிங்க.

கூட்டத்தில் பேசுங்க

யார் வீட்டில் எந்த வகை ஈரம்? அடுத்த முறை வெள்ளையடிக்கக் கடன் கேட்டால், "ஒழுகல் அடைச்சாச்சா?" என்று முதலில் கேட்போமா?