மந்தர ஒலியும் மரப்பெட்டியும்

மைசூருத் தசராவின்போது அரண்மனை அருகே பீரங்கிகள் 21 முறை முழங்குகின்றன. அம்முழக்கம் காதில் விழுவதோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கூட்டிலும் அதிர்கிறது. அதனையே கைப்பேசியில் பதிவுசெய்து வீட்டில் கேட்டால் ‘டப்’ என்னும் சிற்றொலியே எஞ்சுகிறது. மிருதங்க இசைக்கும் இதே நிலைதான். வலந்தலையின் ‘நம்’, ‘தீம்’ தெளிவாகக் கேட்கும். இடந்தலையாகிய தொப்பியின் ஆழ்ந்த கும்கி காணாமற்போகும். ஊரைவிட்டு வந்து, கைப்பேசி வழியாகவே கச்சேரி கேட்டு வளரும் ஒரு குழந்தை, பாதி மிருதங்கத்தையே மிருதங்கம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும்.

அந்தப் பாதி எங்கே போயிற்று?

ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதுவே ஒலியின் அதிர்வெண். அதிர்வெண் குறைந்தால் ஒலி தாழும், அலை நீளும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 8.5 மீட்டர். ஒரு வகுப்பறையின் நீளத்திற்கு அது குறைந்ததன்று. இத்தகைய அலையை எழுப்ப மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, அதே உரப்பைப் பெற விரும்பினால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். எனவே கூம்பு அகலமாக இருத்தல் வேண்டும். அல்லது முன்னும் பின்னும் நெடுந்தொலைவு அசைதல் வேண்டும். கைப்பேசியின் சிறு தகட்டால் இரண்டும் இயலா.

கூம்பு பெரிதாயினும் பெட்டியின்றிப் பயனில்லை. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று தளர்கிறது. நீண்ட அலைகள் கூம்பின் விளிம்பை எளிதில் சுற்றிவருவதால், இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதைத் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை. அழகு அதற்குப் பிற்பட்டது.

பெட்டிகளுள் இரண்டு வகைகள் பெருவழக்கு. ஒன்று முழுதும் மூடியது. அதனுள் அடைபட்ட காற்று சுருள்வில்லைப்போல் கூம்பைத் தாங்குகிறது. மற்றொன்று துளையோ குழாயோ உடையது. இதனை விளங்கிக்கொள்ளக் கடம் வாசிப்பவரைப் பார்த்தால் போதும். பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் அவர் ஆழ்ந்த ஒலியின் தன்மையை மாற்றுகிறார். பானைக்குள் இருக்கும் காற்று வாய்வழியே அதிர்கிறது. துளையுள்ள பெட்டியும் அவ்வாறே. அமெரிக்கராகிய ஆல்பர்ட் துராஸ் இம்முறைக்கு 1930இல் காப்புரிமை கோரினார். இதிலும் ஒரு குறை உண்டு. துளைக்கென அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி விரைந்து வீழ்கிறது. கூம்பும் பிடிப்பின்றி ஆடுகிறது. மூடிய பெட்டியில் ஒலி மெல்லக் குறையும்.

மைசூரை ஆண்ட ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974) கருநாடக இசையில் கிருதிகள் இயற்றியவர்; மேலை இசையிலும் ஆழ்ந்த பற்றுடையவர். ருசிய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை லண்டனில் இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்யப் பொருளுதவி செய்தவரும் அவரே. அவரது அரண்மனையில் பெரியதோர் இசைத்தட்டு நூலகத்தையும் பலவகை ஒலிபெருக்கிகளையும் கண்டதாக, இசைப்பதிவாளர் வால்டர் லெக் எழுதியுள்ளார். அக்காலத்து ஒலிமிகைப்பிகள் பெரும்பாலும் சில வாட் திறனே தந்தன. ஆகவே, சிறிய திறனைப் பேரொலியாக்கும் பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன. அமெரிக்கரான கிளிப்ஷ் 1940களில் அமைத்த ஒலிபெருக்கி, அறையின் மூலைச் சுவர்களையே தன் உறுப்பாக்கிக்கொண்டது! அரண்மனையில் மூலைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு அறைகள் உள்ள வாடகை வீட்டில் கட்டிலுக்கே இடம் தேட வேண்டும்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த திறனில் மிகுந்த உரப்பு ஆகிய மூன்றில் இரண்டையே பெற முடியும் என்பது ஹாஃப்மன் என்பாரின் விதி. 20 லிட்டர் பெட்டி ஓர் எல்லைவரை இறங்குகிறது எனக் கொள்வோம். உரப்புத்திறன் குறையாமல் அந்த எல்லையைப் பாதி அதிர்வெண்ணுக்கு இறக்க, 160 லிட்டர் பெட்டி வேண்டும். அதாவது எட்டு மடங்கு. 1954இல் வில்ச்சூர் சிறிய மூடிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெற்றார். அதற்கு விலையாக மிகுந்த மின்திறனைச் செலவிட்டார்.

பொங்கல் விழாவிற்கென 12 அங்குல ஊஃபர் ஒன்றை வாங்கி, கைக்கு வந்த சிறு பெட்டியில் அடைப்பவர் இவ்விதியோடு மோதுகிறார். அடைபட்ட காற்று விறைத்துக் கூம்பைக் கட்டுப்படுத்த, தவிலின் பல்வேறு சொற்களும் ‘தொம் தொம்’ என ஒரே ஒலியாகிவிடும். கடைப்பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள ஆயிரக்கணக்கான ‘பி.எம்.பி.ஓ. வாட்’ எண் இங்கு உதவாது. ஊஃபரின் ஒத்ததிர்வு அதிர்வெண், கூம்பு அசையும் தொலைவு, அதற்கேற்ற பெட்டியின் கொள்ளளவு ஆகியவற்றையே கேட்டறிதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தீல், ஸ்மால் ஆகியோர் வகுத்த கணக்குகளால், மரத்தை அறுப்பதற்கு முன்பே இவற்றைக் கணித்துவிடலாம். பலகை தடித்ததாகவும் இணைப்புகள் காற்றுப் புகாதனவாகவும் இருத்தல் வேண்டும். பலகையே அதிர்ந்தால் அதுவும் தன்பங்குக்குப் பாடத் தொடங்கும்.

சொற்பொருள்: மந்தரம் – தாழ்ந்த சுருதி; உரப்பு – ஒலியின் வலிமை; ஒத்ததிர்வு – ஒரு பொருள் தன் இயல்பான அதிர்வெண்ணில் மிகுதியாக அதிர்தல்.

செய்து பார்க்க: மிருதங்க இசையைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து, அதனை ஒரு வெறுங்குடத்தினுள் வைத்துக் கேட்க. ஒலி பெருகியும் தொப்பியின் ஆழ்ந்த ஒலி ஏன் முழுமையாகத் திரும்பவில்லை? ஐந்து வரிகளில் எழுதுக.