எதிர்த்திசையில் ஒரு குடும்பம்

பிள்ளைகளின் கல்வியை எண்ணிச் சிற்றூரைவிட்டு நகருக்குப் பெயர்தல் உலக வழக்கு. மருத்துவ இணையரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அதற்கு எதிர்த்திசையில் சென்றனர். காந்திகிராம மருத்துவமனைப் பணியை விடுத்து, 1993ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். மருத்துவ வசதி எட்டாத அங்கு, பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர்.

இருவரும் சிறு குடிசையொன்றில் மருத்துவம் தொடங்கினர்; பழங்குடிப் பெண்களுக்கே செவிலிப் பயிற்சி அளித்தனர். தம் பிள்ளைகளையும் அம்மக்களிடையே வளர்த்தனர். காலப்போக்கில் குழந்தை இறப்பு பெரிதும் குறைந்தது.

பெற்றோர் தேர்ந்த பாதையில் பிள்ளைகளும் உடன் நடக்க வேண்டியுள்ளது. அதனால் அவர்கள் இழப்பவை யாவை? பெறுபவை யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.