நீலம் பூக்கும் எரிமலைக் கனிமம்

திருவண்ணாமலையின் மேற்குப் புறத்தில், கிரிவலப் பாதையை அடுத்து, அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. பதினான்கு கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருவோர், இவ்வூரிலுள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலில் வழிபட்டுச் செல்வர். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது திருவண்ணாமலை. நெருப்பு மலையே குளிர்ந்து கல்மலையாயிற்று என்பது புராண மரபு. கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் பெருந்தீபம் ஏற்றப்படுகின்றது. நெருப்பும் செம்பும் மலையும் இங்ஙனம் ஒருங்கே விளங்குதலால், இம்மலை முன்னாளில் எரிமலையாய் இருந்ததோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

நிலவியல் அறிஞர் கூறும் விடை வேறு. திருவண்ணாமலை வட்டாரம் சார்னக்கைட்டு, நைசு முதலிய பழம் பாறைகளால் ஆயது. அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருப்பெற்றவை. எரிமலை வாய் உமிழ்ந்த குழம்பு அல்ல. கொப்பரைக்கு வேண்டிய செம்பையும் மனிதனே தாதுவிலிருந்து உருக்கி எடுக்கின்றான். ஆயினும், எரிமலை தானே செம்புக் கனிமங்களைப் படைக்கும் இடங்கள் உலகில் உள்ளன. அங்ஙனம் தோன்றும் அரிய கனிமங்களுள் ஒன்று கால்கோசயனைட்டு என்பது.

இத்தாலி நாட்டு வெசூவியசு எரிமலை 1868-ஆம் ஆண்டில் வெடித்தது. அப்போது தோன்றிய பொருள்களுள் இக்கனிமத்தைக் கண்டு ஆராய்ந்தவர் ஆர்க்காஞ்செலோ ஸ்காக்கி என்னும் அறிஞர். எரிமலையின் வெடிப்புகளிலிருந்து கடுஞ்சூடான ஆவிகள் வெளிப்படும்போது, அவற்றுடன் செம்பும் கந்தகமும் கலந்து வருகின்றன. ஆவி குளிருமிடத்தில், அவை காற்றிலுள்ள ஆக்சிசனோடு கூடிப் பாறையின் மேல் படிகங்களாகப் படிகின்றன. 1975-ஆம் ஆண்டில் தொடங்கி 1976-இல் ஓய்ந்த வெடிப்புக்குப் பின், உருசிய நாட்டுத் தொல்பாச்சிக்கு எரிமலையிலும் இக்கனிமம் காணப்பட்டது.

கால்கோசயனைட்டு என்பது நீரற்ற செம்புச் சல்பேட்டு. இதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு செம்பாகும். வெண்மை, வெளிர்பச்சை, பழுப்பு, மஞ்சள் எனப் பல சாயல்களில் இது கிடைக்கும். இதன் அடர்த்தி நீரினும் மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. கடினம் மோ அளவையில் மூன்றரை. படிக அச்சுகள் மூன்றும் வெவ்வேறு நீளமுடையன, ஒன்றற்கொன்று செங்குத்தானவை. ஆதலின் இது செஞ்சாய்சதுரத் தொகுதியைச் சார்ந்தது.

இத்துணைப் பண்பும் நீர் சேராத வரையில்தான். ஈரக் காற்றுப் பட்டாலே இக்கனிமம் நீரை ஈர்த்து நீலநிறம் கொள்கின்றது. கிரேக்க மொழியில் செம்பையும் நீலத்தையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து இதற்குப் பெயராயின. நீர் முற்றும் சேர்ந்தபின் விளைவது தமிழ் மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த மயில்துத்தமே. அதனைக் கனிம நூலார் கால்காந்தைட்டு என்பர். அதன் கடினம் இரண்டரை. அடர்த்தி நீரினும் இரு மடங்கு சற்று மிகும். அதன் படிக அச்சுகளுள் எவையும் செங்கோணத்தில் அமையா. வேதிச் சேர்க்கையும் படிக அமைப்புமே கனிம இனத்தை வரையறுப்பன. ஆதலின், இரண்டும் சல்பேட்டுக் குடும்பத்தைச் சார்ந்தனவாயினும், ஒன்று நீரற்ற பிரிவிலும் மற்றொன்று நீர் கொண்ட பிரிவிலும் வைக்கப்படுகின்றன.

இம்மாற்றத்தைக் காண வெசூவியசுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், மயில்துத்தப் படிகங்களைச் சோதனைக் குழாயிலிட்டுச் சூடாக்கினால், குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் அரும்பும்; நீலம் மறைந்து வெண்பொடி எஞ்சும். படிகத்தின் எடையில் நூற்றுக்கு 36 பங்கு நீராய்ப் பிரிந்துவிடுகின்றது. பொடி ஆறியபின் ஒரு துளி நீர் விட்டால், வெப்பம் பிறந்து நீலம் மீளும். செம்பு அணுவைச் சூழும் நீர் மூலக்கூறுகளே அந்நிறத்துக்குக் காரணம். மயில்துத்தம் நஞ்சாதலால் அதனைச் சுவைத்தல் ஆகாது.

எரிமலையில் ஒரு மழை பெய்தால் போதும். கால்கோசயனைட்டு கரைந்து மறையும். எடுத்து வந்த துண்டும் காற்றுப்புகாக் கலத்தில் வைக்கப்படாவிடில், பேழைக்குள்ளேயே வேறோர் இனமாகிவிடும். மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டோ பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே, அறிவியலார் பெயரைக் கண்டு பொருளைத் தெளிவதில்லை. பொருளைச் சோதித்தே பெயரைத் தெளிகின்றனர். மலை நெருப்புமிழ்ந்ததா என்பதைப் பாறை கூறும். கனிமம் எவ்வினம் என்பதை அதன் படிகமும் சேர்க்கையும் கூறும். மரபைப் போற்றுதலும் உண்மையை ஆராய்தலும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. இரண்டையும் அவ்வவற்றின் இடத்தில் வைத்துக் காண்பதே கற்றவர்க்கு அழகு.